ஜான்சி ராணிப் படையில் இருந்த அம்மா: இவ்வளவு பெரிய கதையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியா எழுதுவது?

நூலகத்துப் பூனை

எந்த நாவல் என்று சொல்லவே வேண்டாம். இந்த மாதக் கூட்டு வாசிப்புக்கு நாம்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம், வயிற்றெரிச்சலையும் நாமே பங்கு போட்டுக்கொள்வோம். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். இன்னும் படித்து முடிக்காதவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடுங்கள்.

கதை தெரியாமல் வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. சென்னையில் ஐடி வேலை பார்க்கும் மகள், அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பரணில் கிடந்த தகரப்பெட்டியை இறக்குகிறாள். உள்ளே காக்கிச் சட்டையில் ஒரு பெண்ணின் படம், ஒரு துணித்தொப்பி, ஒரு நாட்குறிப்பு. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத அம்மா, மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் என்பதே மகளுக்கு அப்போதுதான் தெரிகிறது. 1943ல் பதினேழு வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) பெண்களுக்கென்றே இருந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்திருக்கிறாள். இது 22ம் பக்கத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்குச் சமையல் தாமதம்.

அப்புறம் என்ன நடந்தது என்றுதான் தெரியவில்லை. அந்த நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று ஆசிரியரே சொல்கிறார். அவள் எழுதிய நாட்குறிப்போ கல்லூரிப் பேராசிரியர் விழாமலருக்கு எழுதிய கட்டுரை போல இருக்கிறது. ஒரு எழுத்துப்பிழை இல்லை, ஒரு பேச்சுச் சொல் இல்லை. பசியைப் பற்றி எழுதும்போதுகூட உவமை, உருவகம். அதுவாவது போகட்டும். மகள் அதை ராத்திரிக்கு ஒரு அத்தியாயமாகப் படிக்கிறாள்! செத்துப்போன அம்மாவின் நாட்குறிப்பு கையில் கிடைத்தால் எந்த மகள் ரேஷன் போட்டுப் படிப்பாள்? விடிய விடியப் படித்துவிட்டு மறுநாள் லீவு போடமாட்டாளா? வாசகனைக் காக்க வைக்க வேண்டும் என்பதற்காக மகளை மண்ணாங்கட்டி ஆக்கியிருக்கிறார்.

மகள் சிங்கப்பூருக்குப் போகிறாள். இறங்கிய அன்றே சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜைத் தாத்தா, “நீ அவ மகளா? அதே கண்ணு” என்கிறார். மீதிக் கதையை அவரே சொல்லிவிடுகிறார். இம்பாலில் துப்பாக்கிச் சண்டை, ஒரு அதிகாரியோடு காதல், ரங்கூனில் விட்டுவந்த குழந்தை. கடைசிக் காட்சியில் யாங்கூன் (பழைய ரங்கூன்) விமான நிலையத்தில் அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். புத்தகத்தை மூடியபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்களுக்கு?

இரவுப்பேருந்து

“அதே கண்ணு” வந்த இடத்தில் நான் இறங்கிவிட்டேன். 140ம் பக்கம். டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை

எனக்கு நடையெல்லாம் பெரிய பிரச்சினை இல்லை. எண்கள்தான் இடிக்கின்றன.

அம்மாவுக்கு 1943ல் 17 வயது என்றால் பிறந்தது 1926. அவள் சாவது 2014ல். நாவலே ஆண்டைப் போட்டிருக்கிறது, தேர்தல் சுவரொட்டி எல்லாம் வருகிறது. அப்போது 88 வயது, சரி. மகளுக்கு அதே ஆண்டில் 34 வயது, கல்யாணத்துக்கு வீட்டில் நெருக்குகிறார்கள் என்று முதல் அத்தியாயத்தில் வருகிறது. அப்படியானால் மகள் பிறந்தது 1980. அம்மாவுக்கு அப்போது வயது 54.

தத்துப் பிள்ளை என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று இரண்டாம் முறை புரட்டிப் பார்த்தேன். இல்லை. பிரசவக் காட்சியே இருக்கிறது, நாகப்பட்டினம் அரசு மருத்துவமனையில். மகளைப் பேத்தி ஆக்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அல்லது மகளை 1955 வாக்கில் பிறந்தவளாக, ஓய்வுபெறும் வயதில் வைத்திருக்கலாம். ஆனால் அட்டைப்படத்தில் போடுவதற்கு 34 வயதுப் பெண் வேண்டுமே.

இன்னொன்று. 1949ல் அந்த அம்மா சிங்கப்பூரிலிருந்து மதராசுக்கு விமானத்தில் வருகிறாள். தோட்டத்துக் கூலிப் பெண்! அந்தக் காலத்தில் நம் சனம் போனதும் வந்ததும் கப்பலில்தான். எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் “ரஜூலா” என்று அந்தக் கப்பலைச் சொந்தக்காரப் பெண் பேரைச் சொல்வது மாதிரி சொல்வார்கள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு நேராக வந்து நிற்கும். நாவலில் அம்மா வாழ்க்கைப்பட்டதே நாகப்பட்டினத்தில். கப்பல் வாசலில் வந்து இறக்கிவிட்டிருக்கும்!

மணிமுத்தாறு

எல்லோரும் சேர்ந்து கும்முகிறீர்கள், நான் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நாவல் என்பது வரலாற்றுப் பாடநூல் கிடையாது. வயசுக் கணக்கு தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பதிப்பாசிரியர் என்று ஒருவர் இருந்திருந்தால் பிடித்திருப்பார். ஆனால் ஜான்சி ராணிப் படை என்றால் அதன் தலைவி கேப்டன் லட்சுமி என்ற ஒரு பேரைத் தாண்டி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் படையில் பெரும்பாலோர் மலாயா தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் என்று எனக்கு இந்த நாவலைப் படித்த பிறகுதான் தெரியும். என் அக்கா மகள், கல்லூரி இரண்டாம் ஆண்டு, தமிழில் முதன்முதலாக முழுசாகப் படித்த நாவல் இது. படித்துவிட்டு என்னிடம் வந்து சயாம் மரண ரயில் பற்றிக் கேட்டாள். அது சின்ன விஷயமா?

அப்புறம் முடி வெட்டும் காட்சி. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே, பூனை அக்கா? நீங்கள்தான் நடுநிலை பேசுகிறவராயிற்றே.

நூலகத்துப் பூனை

மணி, நியாயமான கேள்வி. அந்தக் காட்சி எனக்கும் பிடித்தது. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அம்மா சாகும்வரை தலைமுடியைத் தோளுக்குக் கீழே வளர விட்டதில்லை. மாதம் ஒரு முறை கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மடியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு, தையல் கத்தரியால் தானே வெட்டிக்கொள்வாள். கண்ணாடி பார்க்கமாட்டாள். இடது கையால் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்து, விரலால் அளந்து, ஒரே வெட்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜாடை பேசுவார்கள். சின்ன வயதில் மகளுக்கு அது வெட்கம். மற்ற அம்மாக்களைப் போல ஜடை போட்டுப் பூ வைத்துக்கொண்டால் என்ன என்று சண்டை போடுவாள். பெட்டியில் அந்தப் படத்தைப் பார்க்கிறபோது, தொப்பிக்குக் கீழே அதே நீளத்தில் முடி.

ஒன்றரைப் பக்கம். அவ்வளவுதான். அதில் நாட்குறிப்பு இல்லை, தாத்தா இல்லை, யாரும் எதையும் விளக்கவில்லை. இப்படி எழுதத் தெரிந்தவர் மிச்சம் 390 பக்கத்தை ஏன் அப்படி எழுதினார் என்பதுதான் என் ஆத்திரம். எழுதவே தெரியாதவர் என்றால் நான் இழையே தொடங்கியிருக்கமாட்டேன்.

தைப்பிங் மழை

பேராக் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் பாட்டி, அம்மா எல்லோரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். நான் லயத்தில், தோட்டத்து வரிசைவீட்டில், பிறந்தவன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

57ம் பக்கத்தில் அந்தப் பெண் உச்சிவெயிலில், அதுவும் மழை விட்ட உடனே, கித்தா மரம் வெட்டுகிறாள். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் ஒரு தோட்டத்தில் ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை என்று. விடிவதற்கு முன்னால் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. இருட்டோடு காட்டுக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் மரம் வெட்டுவது காலையோடு சரி. அப்புறம் மங்குக் கிண்ணங்களில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிப்போய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் வேலை கிடையாது, பால் பட்டையில் வழிந்து வீணாகிவிடும். மழை நாள் என்றால் சம்பளம் போன நாள். இதை எந்தத் தோட்டத்துக் கிழவியிடம் கேட்டாலும் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வாள்.

இது சின்னக் குறை, விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் அப்பா.

ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8ல் கோத்தா பாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு முன்பே ஓடிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, பல தோட்டங்களில் பால்வெட்டே நின்றுபோனது. அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கு, மறுபடியும் மரவள்ளிக்கிழங்கு. துணி இல்லாமல் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்ட கதையெல்லாம் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதலில் சம்பளம், சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் வராதபோது லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அதில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 90,000 என்பது பரவலான மதிப்பீடு. தமிழர்கள் அதில் பெரும்பங்கு. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்கள் புதைந்த இடம்கூடச் சரியாகத் தெரியாது.

நாவலில் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. இதற்கு ஆசிரியர் கொடுத்த இடம் இரண்டு பத்தி! அடுத்த பக்கத்தில் பெண் நேதாஜியின் பேச்சைக் கேட்கிறாள், கண்ணில் தீப்பொறி பறக்கிறது, படையில் சேர்ந்துவிடுகிறாள். அப்பா இல்லாத வீட்டில், அம்மாவும் தம்பிகளும் கிழங்கு தின்னும் லயத்தில், வயசுப்பெண் ஒருத்தி ஏன் கிளம்பிப் போனாள்? முகாமில் சாப்பாடு உண்டு, உடுப்பு உண்டு, கங்காணி கண் படாது, பட்டாளத்துக்காரன் கண் படாது. இதையும் சேர்த்து எழுதினால் அவள் மனுஷியாகத் தெரிவாள். தீப்பொறி மட்டும் பறந்தால் காலண்டர் படம்தான்.

செங்கோட்டைத் தம்பி

தைப்பிங் அண்ணே, மரியாதையோடு ஒரு மறுப்பு. சோத்துக்காகப் படையில் சேர்ந்தார்கள் என்கிறீர்களா? தாலியைக் கழற்றிக் கொடுத்தார்கள், தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறோம். ஜானகி தேவர் என்ற பெண், கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பிள்ளை, நேதாஜி பேசிய கூட்டத்துக்குப் போய்க் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, அப்பாவோடு மல்லுக்கட்டிப் படையில் சேர்ந்தவர். அவருக்கு என்ன பசி? இப்படிப் பேசுவது அந்தப் பெண்களின் தியாகத்தைக் குறைப்பது ஆகாதா?

தைப்பிங் மழை

தம்பி, ஜானகி தேவரை நான் ஒரு சொல்கூடக் குறைத்துச் சொல்லமாட்டேன். பிற்பாடு ரங்கூனிலிருந்து திரும்பும்போது பெண்களை வழிநடத்தியவர், 1946ல் மஇகா என்கிற மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சி தொடங்கியபோது கூட இருந்தவர், இந்திய அரசு 2000ல் பத்மஸ்ரீ கொடுத்தது. எங்கள் நாட்டில் பெரிய மனுஷி.

ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், வசதியான வீட்டுப் பிள்ளை என்று. படைக்குள்ளும் அந்தக் கோடு இருந்தது. இங்கிலீஷ் படித்த பட்டணத்துப் பெண்கள் அதிகாரிகள், தோட்டத்துப் பெண்கள் சிப்பாய்கள். கட்டளை எல்லாம் ஹிந்துஸ்தானியில். தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறிப் படிக்கிறவள் அந்தக் கட்டளைகளைக் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணியிருப்பாள். நாவலில் நம் கதாநாயகி நேதாஜியிடம் நேருக்கு நேர் கடகடவென்று ஹிந்தியில் பேசுகிறாள்! மேடைப் பேச்சையே நம் சனத்துக்குத் தமிழில் மொழிபெயர்த்துத்தான் சொன்னார்கள்.

பசியும் தேசபக்தியும் ஒரே வயிற்றில் இருக்கக்கூடாதா, தம்பி? சயாமில் அப்பாவைப் பறிகொடுத்தவள், அதே ஜப்பான்காரனோடு கூட்டணி வைத்த படையில் போய்ச் சேர்கிறாள். அவள் மனசில் ராத்திரி என்னவெல்லாம் ஓடியிருக்கும்? நாவல் அந்தக் கேள்வியின் பக்கத்தில்கூடப் போகவில்லை. நேதாஜி என்றால் கையெடுத்துக் கும்பிடும் கிழவிகளை எனக்குத் தெரியும். அதே கிழவிகள் ஜப்பான்காரன் பேரைச் சொன்னால் காறித் துப்புவார்கள். இரண்டையும் ஒரே வாயால் செய்தார்கள்.

சிராங்கூன்வாசி

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். நான் சிராங்கூன் சாலையில்தான் பல வருஷமாகச் சாப்பிடுகிறேன். பக்கத்து மேஜைத் தாத்தா யாரும் என்னிடம் எந்த ரகசியமும் சொன்னதில்லை. “தம்பி, அந்த ஊறுகாயை நகர்த்து” என்பதோடு சரி.

இம்பால் சண்டைக்கு வருகிறேன். நாவலில் 40 பக்கம் ஓடும் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. படைகள் மோதவில்லை என்று சொல்லவில்லை, 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலில் பயங்கரமான போர் நடந்தது. ராணிகள், அதாவது ஜான்சி ராணிப் படைப் பெண்கள், அதில் இல்லை. சிங்கப்பூரில் 1943 ஜூலையில் இருபது பெண்கள் சேலையோடு 303 துப்பாக்கியைத் தூக்கி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள், அக்டோபர் 22ல் வாட்டர்லூ தெருவில் முகாம் திறந்தது, மறு ஆண்டு ரங்கூனுக்குப் போனார்கள், ஒரு பகுதியினர் பர்மாவின் மலை ஊரான மேமியோ வரை போனார்கள். அங்கே முன்னேறும் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். உத்தரவு வரவில்லை. ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். வேரா ஹில்டிபிரான்ட் என்ற ஆய்வாளர் உயிரோடிருந்த ராணிகளைத் தேடிப்பிடித்துப் பேசி, இவர்கள் போர்முனைச் சண்டையில் இறங்கவில்லை என்றே முடிவுக்கு வந்தார். படையின் எண்ணிக்கையிலேயே ஆளுக்கொரு கணக்கு உண்டு, 500 என்பாரும் உண்டு, 1,500 என்பாரும் உண்டு. ஆனால் இம்பால் காட்டில் தமிழ்ப் பெண்கள் வெள்ளைக்காரனைச் சுட்டார்கள் என்பது சினிமா.

சுடாததால் அவர்கள் கதை சப்பென்று ஆகிவிடுமா? துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டு, சாகத் தயாராகிக் கிளம்பி, கடைசிவரை அனுப்பப்படாமல் நிற்பது எப்பேர்ப்பட்ட நிலை! அப்புறம் 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். பகலில் விமானத்துக்குப் பயந்து ஒளிவதும் இரவில் நடப்பதுமாக, சித்தாங் ஆற்றைக் கடந்து. நேதாஜியும் கூட நடந்தார். வழியில் ரயிலைத் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்று இரண்டு ராணிகள் செத்தார்கள். இது நடந்தது.

இங்கேதான் நான் புத்தகத்தைத் தூக்கி எறியாத குறை. பின்வாங்கும்போது பர்மாவிலிருந்து சயாமுக்கு ரயிலில் வந்தவர்கள் வேறு எந்தப் பாதையில் வந்திருக்க முடியும்? 1943 அக்டோபரில் கட்டி முடித்த அதே பாதைதான். நம் கதாநாயகியின் அப்பா செத்த பாதை. அவளை அந்த ரயிலில் ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்திருந்தால் போதும். ஆசிரியர் அவளை இந்தப் பின்வாங்கலில் ஒரே வரியில் “பாங்காக் வந்து சேர்ந்தாள்” என்று முடித்துவிட்டார். அதிகாரியோடு முத்தக்காட்சிக்கு ஆறு பக்கம்.

இரவுப்பேருந்து

ஐயா, இந்த இழையை அச்சடித்து விற்றால் நாவலைவிட நன்றாகப் போகும் போலிருக்கிறதே. 140ம் பக்கத்திலிருந்து மறுபடி ஏறலாமா என்று யோசிக்கிறேன்.

நூலகத்துப் பூனை

ஏறாதே. அடுத்த நிறுத்தம் அந்த முத்தக்காட்சிதான்.

சிராங்கூன்வாசி, அந்த ரயில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கயல்

வெகு நாளாக மௌன வாசகி, இன்றைக்கு வாய் திறக்கிறேன்.

எல்லோரும் வரலாற்றுப் பிழைகளைப் பேசுகிறீர்கள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஒரு அம்மாவுக்கு ரகசியம் இருக்கிறது என்றால் அது காதலாகவோ பிள்ளையாகவோதான் இருக்க வேண்டுமா? பதினேழு வயதில் துப்பாக்கி தூக்கினாள், நாடு நாடாக நடந்தாள் என்பது போதாதாம். அதற்கு மேல் “விட்டுவந்த குழந்தை” என்று ஒன்றை வைத்தால்தான் கதைக்குக் கனம் வருமாம். 22ம் பக்கத்தில் திறந்த பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு பிள்ளை! சீரியலில் வருஷக்கணக்காக இதைத்தானே பார்க்கிறோம்.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். அம்மா வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவமானம் என்று ஆகிவிடுகிறது. ஒழுக்கம் தவறியவள், அதனால் மறைத்தாள். மகளும் கடைசியில் “உன்னை மன்னிக்கிறேன் அம்மா” என்கிறாள். எதற்கு மன்னிப்பு? யார் யாரை? அந்த வரியைப் படித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். படைக்குப் போனவளை மன்னிக்க நீ யாரடி?

இன்னொன்று, மகளுக்கு என்ன மாறியது? இவ்வளவும் தெரிந்த பிறகு அவள் என்ன செய்கிறாள்? அதே வேலை, அதே கல்யாணப் பேச்சு. முகநூலில் ஒரு பதிவு போடுகிறாள். விருப்பக்குறி குவிகிறது. முடிந்தது.

தைப்பிங் மழை

கயல், நீங்கள் முன்பே பேசியிருக்க வேண்டும்.

ஏன் மறைத்தாள் என்ற கேள்விக்கு அவமானத்தைத் தேடி ரங்கூனுக்குப் போக வேண்டியதே இல்லை. பயம் என்ற பதில் எங்கள் ஊரிலேயே கிடக்கிறது. வெள்ளைக்காரன் 1945 செப்டம்பரில் திரும்பி வந்தான். 1946, 47ல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடையை மூடு என்று போராடினார்கள், அதில் ஐஎன்ஏவில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள், போலீஸ் அடக்கியது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி, அவரும் ஐஎன்ஏவில் இருந்தவர், துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4ல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள்.

இப்போது நாவலுக்கு வாருங்கள். கதாநாயகி எந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டம்? சுங்கை சிப்புட். எப்போது நாட்டை விட்டுப் போகிறாள்? 1949ல். ஆசிரியரே எழுதியிருக்கிறார்! இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, கணபதி பேரோ அவசரகாலமோ ஒரு இடத்தில்கூட இல்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த பெண் என்று யாராவது காதில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள், தொப்பியையும் படத்தையும் பெட்டிக்கு அடியில் வைத்து, கப்பலேறி, வாயைக் கட்டிக்கொண்டாள். இந்தியா வந்த பிறகு தைரியமாகச் சொல்லியிருக்கலாமே என்றால், கும்பகோணத்திலும் நாகப்பட்டினத்திலும் பட்டாளத்தில் ஆண்களோடு இருந்தவள் என்று தெரிந்தால் மாமியார் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியாதா? கேப்டன் லட்சுமி கான்பூரில் டாக்டர், 2002ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார், அவரைக் கேட்க ஆள் இருந்தது. மரம் வெட்டியவளைக் கேட்க யார் இருந்தார்கள்?

எங்கள் லயத்தில் ஒரு கிழவி இருந்தார். போர்வையை மடித்தால் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும், வெளியே ஒரு நூல் நீட்டாது. காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி, போர்வையை அதன்மேல் நேர்கோட்டில் வைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். பேரப்பிள்ளைகள் கலைத்தால் அடி. அவர் போன பிறகுதான் அவர் தம்பி சொன்னார், அக்கா ரங்கூன் வரை போனவள் என்று. பிள்ளைகள் யாருக்கும் தெரியாது.

செங்கோட்டைத் தம்பி

அண்ணே, கணபதி பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. பசி விஷயத்தில் என் கட்சி அப்படியேதான் இருக்கிறது, அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இந்த 1949ஐ ஆசிரியர் விட்டது பெரிய ஓட்டை.

மணிமுத்தாறு

எதிர்க்கட்சியிலிருந்து கடைசி உரை. அம்மாவிடம் இந்த நாவலைக் கொடுத்தேன். அம்மாவுக்கு 70 வயது, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாளில் முடித்துவிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அந்தப் பொண்ணு அம்மா உசிரோட இருக்கும்போது ஒரு தடவையாவது பக்கத்துல உக்காந்து கேட்டுச்சா? முடியை ஏன் வெட்டிக்கிறேன்னு சண்டைதானே போட்டுச்சு” என்றார். பிறகு அந்தக் கடைசிக் காட்சியில் அழுதாராம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே விமான நிலையக் காட்சி ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்று யாரும் எழுதாதீர்கள்.

என் அக்கா மகள் இப்போது உண்மையான ராணிகள் பேசியதைக் கேட்க வேண்டும் என்கிறாள். எங்கே தேடுவது?

சிராங்கூன்வாசி

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் என்று தேடச் சொல்லுங்கள், மணி. ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பலர் பேசிய பதிவுகள் உண்டு, ஒலியாகவே கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பேசியவர்களில் படித்தவர்கள், அதிகாரிகள் அதிகம். தோட்டத்துப் பெண் குரலைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கயல்

மணி, அம்மா சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனால் கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம். “சும்மா வெட்டிக்கிறேன், போய்ப் படி” என்றிருப்பாள். அந்தப் பேச்சை எழுதியிருந்தால் நாவல்.

கணக்குப்பிள்ளை

பதிப்பகத்துக்கு அந்த 54 வயதுப் பிரசவத்தைப் பற்றி மின்னஞ்சல் போட்டிருந்தேன். அடுத்த பதிப்பில் திருத்துகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. மகள் வயதைக் கூட்டுவார்களா, அம்மா வயதைக் குறைப்பார்களா என்று சொல்லவில்லை. அம்மா வயதைக் குறைத்தால் 1943ல் அவளுக்கு மூன்று நாலு வயதுதான் இருக்கும், அதையும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இரவுப்பேருந்து, என் பிரதி சும்மாதான் கிடக்கிறது. முகவரியைத் தனிமடலில் அனுப்பினால் தபாலில் போட்டுவிடுகிறேன். முடி வெட்டும் காட்சி 31ம் பக்கம், அடையாளம் வைத்திருக்கிறேன்.